மெகர் மெமரியை நம்பி இருக்காதீர்கள்: வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: மின் டெஸ்ட் கருவிகளில் சேரும் ரீடிங்குகளை எப்படி வைத்துக்கொள்வது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். ரீடிங் எடுப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். எடுத்ததைக் காப்பாற்றுவதில்தான் கோட்டை விடுகிறோம். கருவி என்பது ரீடிங் எடுக்கிற இடம். அதை வைத்துக்கொள்கிற இடம் வேறு. இந்த ஒன்றைத்தான் கீழே ஒவ்வொரு பதிலிலும் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் நூற்பாலையில் டிஜிட்டல் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஷட்டவுனில் எல்லா மோட்டாருக்கும் ரீடிங் எடுத்து 'சேவ்' கொடுத்துவிடுவோம். இப்போது மெமரி நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. உள்ளே பார்த்தால் 001, 002 என்று வெறும் நம்பர்தான். எது எந்த மோட்டார் என்றே தெரியவில்லை. அழித்துவிடலாமா?
— மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், கோவை

அழிக்காதீர்கள். முதல் வேலையாக உள்ளே இருப்பதை அப்படியே முழுசாகக் கணினிக்கு இறக்குங்கள். அந்த ஃபைலுக்கு 'மூலம்' என்று பெயர் வைத்து, திருத்த முடியாதபடி 'ரீட் ஒன்லி' ஆக்கிவிடுங்கள். இனி எந்த ஆராய்ச்சி செய்வதானாலும் அதன் நகலில்தான்.

அடுத்து அடையாளம் கண்டுபிடிப்பது. நீங்கள் நினைக்கிற அளவுக்கு இது கஷ்டமில்லை. ஒவ்வொரு ரீடிங்கோடும் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். ஷட்டவுனில் நீங்கள் வேலை செய்த வரிசை ஃபோர்மேன் நோட்டிலோ பர்மிட் புத்தகத்திலோ இருக்கும். ப்ளோரூமில் ஆரம்பித்து, கார்டிங், ரிங் ஃப்ரேம், கடைசியில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று போவது வழக்கமானால், ரீடிங்குகளும் அதே வரிசையில்தான் விழுந்திருக்கும். சாப்பாட்டு இடைவேளை, ஷிஃப்ட் மாறிய நேரம் இவையெல்லாம் பட்டியலில் இடைவெளியாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு பொருத்திப் பாருங்கள். உறுதியாகப் பொருந்துவதற்கு மட்டும் மோட்டார் பெயர் போடுங்கள். சந்தேகமானதற்குப் பக்கத்தில் 'சந்தேகம்' என்றே எழுதுங்கள். தப்பான பெயரோடு நிற்கும் ரீடிங் பெயரில்லாத ரீடிங்கைவிட ஆபத்தானது. நல்ல மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்ப வைத்துவிடும்.

இனிமேல் எடுப்பதற்கு ஒரு பெயர் முறை வேண்டும். உங்கள் கருவியில் எழுத்து அடிக்கும் வசதி இருந்தால் 'ஆர்எஃப்12 மெயின்' என்பது போல, இடமும் மோட்டாரும் ஒன்றாகத் தெரியும் பெயரை சேவ் கொடுப்பதற்கு முன்பே அடியுங்கள். மோட்டார் மேல் பெயிண்டில் எழுதியிருப்பதும் இதே பெயராக இருக்கட்டும். ஸ்டோரில் ஒரு பெயர், பேனலில் ஒரு பெயர், கருவியில் ஒரு பெயர் என்று இருக்கும் ஆலைகளில் எந்த ரெக்கார்டும் தேறாது. எழுத்து அடிக்க முடியாத மாடல் என்றால் சின்ன நோட்டு ஒன்றைக் கருவிப் பையிலேயே கட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மெமரி எண், எதிரே மோட்டார் பெயர். அவ்வளவு போதும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் வராத ஒன்றைக் கேட்கிறேன். வைண்டிங் வெப்பநிலையை எழுதி வைக்கிறீர்களா? இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், அதாவது மெகர் அளக்கும் மின்காப்புத் தடை, வெப்பம் ஏற ஏற விழும். ஐஇஇஇ 43 தர ஆவணம் ரீடிங்கை 40 டிகிரி செல்சியஸுக்கு மாற்றி ஒப்பிடச் சொல்கிறது. பழைய வகை இன்சுலேஷனுக்கு, 10 டிகிரி ஏறினால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்ற கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. புது வகைகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். சரி, பழைய கணக்கையே வைத்துக்கொள்வோம். மார்கழிக் காலையில் 30 டிகிரியில் 400 மெகாஓம் காட்டிய மோட்டார், சித்திரையில் ஓட்டி நிறுத்திய சூட்டோடு 50 டிகிரியில் 100 மெகாஓம் காட்டினால் அது கெட்டுப்போகவில்லை. இரண்டுமே 40 டிகிரிக்கு 200தான். வெப்பநிலை எழுதாத ரெக்கார்டில் இதே இரண்டு எண்களைப் பார்ப்பவர், மோட்டார் கால்வாசியாகச் சரிந்துவிட்டது என்று பயந்துபோவார்.

போலரைசேஷன் இண்டெக்ஸ் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 10-ஆவது நிமிஷ ரீடிங்கை 1-ஆவது நிமிஷ ரீடிங்கால் வகுப்பது. சில கருவிகள் கடைசி விகிதத்தை மட்டும் சேமிக்கும். சிலவற்றில் 10 நிமிஷத்தின் முழு வளைவும் சேமிக்கும்படி செட்டிங் மாற்றலாம். முடிந்தால் முழுசாகச் சேமியுங்கள். விகிதம் 2 என்றால் அது 50-க்கு 100-ஆ, 5-க்கு 10-ஆ என்பது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

காலிப்ரேஷனுக்கு அனுப்பிய எர்த் டெஸ்டர் (எர்த் தடையை அளக்கும் கருவி) திரும்பி வந்தபோது மெமரி காலியாக இருந்தது. லேபில் கேட்டால், 'அதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்கிறார்கள். இது நியாயமா ஐயா?
— எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர், ஓசூர்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் காலிப்ரேஷனில், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்கும்போது, ஃபேக்டரி செட்டிங்குக்குத் திருப்புவதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் நடக்கக்கூடியதுதான். அப்போது மெமரி துடைபடலாம். காலிப்ரேஷனோ, ரிப்பேரோ, மென்பொருள் அப்டேட்டோ, கருவி கையை விட்டுப் போகும் முன் உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும். ரீடிங் மட்டுமில்லை. நீங்கள் அமைத்து வைத்த டெஸ்ட் வோல்டேஜ், லிமிட், வாடிக்கையாளர் பட்டியல், ஆபரேட்டர் பெயர்கள் எல்லாமே. செட்டிங் பக்கங்களை செல்போனில் படம் எடுத்து வைத்தால்கூடப் போதும்.

லேபிடம் கேட்க வேண்டிய வேறு ஒரு விஷயம் இருக்கிறது. கருவி வந்த நிலையில், அதாவது எதையும் சரிசெய்வதற்கு முன், என்ன காட்டியது? அந்த எண்களைச் சான்றிதழில் கேட்டு வாங்குங்கள். வந்த நிலையிலேயே கருவி அளவுக்கு மீறித் தப்பாகக் காட்டியிருந்தால், போன காலிப்ரேஷனிலிருந்து இதுவரை அதில் எடுத்த எல்லா ரீடிங்கையும் மறுபடி பார்க்க வேண்டி வரும். எவை அவை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொரு ரெக்கார்டிலும் கருவியின் சீரியல் நம்பர் இருந்தால்தான் முடியும். இரண்டு மூன்று டெஸ்டர்கள் வைத்திருக்கும் காண்ட்ராக்டர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரு கருவி தப்பு என்று தெரிந்த அன்று எல்லா சைட்டுக்கும் திரும்ப ஓடுவதா, ஐந்தாறு சைட்டுக்கு மட்டும் போவதா என்பது இந்த ஒரே ஒரு நம்பரில் இருக்கிறது.

கருவியில் எல்லா ரீடிங்கும் 2000-ஆம் வருஷம் ஜனவரி 1 என்று விழுகிறது. எக்ஸெலில் தேதியை மாற்றிவிட்டால் போதும்தானே?
— டிப்ளமா முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், திருச்சி

போதாது தம்பி. கருவிக்குள் கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். அதை மாற்றச் சொல்லுங்கள். சில மாடல்களில் நீங்களே மாற்றலாம், சிலவற்றில் சீலை உடைக்க வேண்டியிருக்கும். சீல் இருந்தால் கை வைக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

பழைய ரீடிங்குகளுக்கு வருவோம். கருவித் திரையையும் உங்கள் செல்போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு இப்போதே எடுங்கள். கருவி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது அதில் தெரியும். நடுவில் அணைத்துப் போட்டபோது கடிகாரம் மறுபடி ஆரம்பத்துக்குப் போகாமல் இருந்தால், அந்த வித்தியாசத்தைக் கூட்டிச் சரியான நேரத்தைக் கணக்கிடலாம். ஆனால் மூல ஃபைலில் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் 'திருத்திய தேதி' என்று தனிக் கட்டம் போட்டு, யார் திருத்தியது, எந்த நாளில், என்ன காரணம் என்று எழுதுங்கள். சோதனைக் கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 கேட்பதும் இதையேதான்: திருத்தியதும் இருக்க வேண்டும், திருத்துவதற்கு முன் இருந்ததும் இருக்க வேண்டும். நீங்கள் லேபில் வேலை செய்யாவிட்டாலும் இந்தப் பழக்கம் இப்போதே வரட்டும்.

ஃபீடர் 3-11 என்று பெயர் கொடுத்துச் சேமித்தேன். கணினியில் திறந்தால் '03-நவம்பர்' என்று வருகிறது. கருவி கோளாறா?
— சப்ஸ்டேஷன் உதவிப் பொறியாளர், மதுரை

கருவி சரியாகத்தான் இருக்கிறது. மாற்றியது எக்ஸெல். சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் செய்து திறந்தால், தேதி மாதிரித் தெரியும் எதையும் அது தேதியாக்கிவிடும். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் உங்கள் 3-11 மார்ச் 11 ஆகிவிடும். ஒரே ஃபைல் இரண்டு மேஜையில் இரண்டு தேதியாகத் தெரியும். 'மார்-3' என்பதை ஆங்கிலத்தில் அடித்தாலும் இதே கதிதான். 007 என்ற பேனல் நம்பர் 7 ஆகிவிடும். இந்தத் தொல்லை நம் துறையோடு நிற்கவில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே இதனால் 2020-இல் சில மரபணுக்களின் பெயரை மாற்றியது.

வழி இதுதான். எக்ஸெலை முதலில் வெறுமையாகத் திறந்து, 'டேட்டா' மெனு வழியாக ஃபைலை உள்ளே கொண்டுவாருங்கள். பெயர் இருக்கும் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறிப்பிடுங்கள். அதைவிட நல்லது, பெயரையே எழுத்தில் ஆரம்பித்து, நடுவில் கோடு இல்லாமல் வைப்பது. தப்பாகத் திறந்த ஃபைலை அப்படியே சேவ் செய்துவிட்டால் 3-11 அந்த ஃபைலை விட்டுப் போய்விடும். முதல் பதிலில் மூல ஃபைலை ரீட் ஒன்லி ஆக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

எங்கள் சாயப்பட்டறையில் பவர் அனலைசரை (லைனின் வோல்டேஜ், கரண்டைப் பதிவு செய்யும் கருவி) ஒரு வாரம் மாட்டி வைத்தோம். மூன்றாம் நாளே ரெக்கார்டிங் நின்றுவிட்டது. மறுபடி இரண்டு வாரம் வைத்தோம், இப்போது ஃபைல் எக்ஸெலில் முழுசாகத் திறக்கவில்லை.
— தொழிற்சாலை உரிமையாளர், திருப்பூர்

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 நிமிஷத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 144, வாரத்துக்கு 1,008 வரிகள். ஒரு விநாடிக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு 6,04,800, இரண்டு வாரத்துக்கு 12,09,600. எக்ஸெல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் வாங்காது. மீதியை விட்டுவிட்டுத் திறக்கும். அப்படித் திறந்ததை அதே பெயரில் சேவ் செய்தால் கடைசியில் ஏறக்குறைய இரண்டு நாள் போய்விடும். அப்படிச் செய்யாமல் இருந்தால் உங்கள் டேட்டா இன்னும் பத்திரமாகவே இருக்கிறது. கருவியோடு வந்த மென்பொருளில் திறந்து, நாள் நாளாகப் பிரித்து வெளியே எடுங்கள்.

மூன்றாம் நாள் நின்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மெமரி நிறைந்திருக்கலாம். நிறைந்தால் நிற்க வேண்டுமா, பழையதன் மேல் எழுத வேண்டுமா என்று பல கருவிகளில் செட்டிங் உண்டு. மாட்டும் முன் அதைப் பாருங்கள். இன்னொன்று, கருவியின் சார்ஜரை எந்த லைனில் சொருகினீர்கள்? சோதிக்கிற அதே லைனில் என்றால், கரண்ட் போய் நெடுநேரம் வராதபோது உள் பேட்டரி தீர்ந்து கருவியும் அணைந்திருக்கும். நமக்கு எந்த நேரத்துப் பதிவு தேவையோ அதுவே விடுபட்டுப்போகும். ஒரு சின்ன யூபிஎஸ் வழியாகக் கொடுங்கள். வோல்டேஜ் சரிவுக்கு 10 நிமிஷ சராசரி போதுமா என்று கேட்பீர்கள். சரிவுகளைக் கருவி தனி நிகழ்வாகப் பதிவு செய்யும், அந்த வசதியைத் திறந்து வையுங்கள். சராசரியை 10 நிமிஷத்திலேயே விடுங்கள். ஃபைல் கைக்கு அடக்கமாக இருக்கும்.

தெர்மல் கேமரா படங்களை சைட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கேமராவில் அழித்துவிடுகிறோம். படம் தெளிவாகத்தான் இருக்கிறது. இது பேக்கப் ஆகாதா?
— சர்வீஸ் இன்ஜினியர், சென்னை

ஆகாது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு பதறியது, ஏனென்றால் நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். பல தெர்மல் கேமராக்கள் எடுக்கும் படத்தில் கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒரு பகுதி மட்டுமே. ஒவ்வொரு புள்ளியின் வெப்ப அளவும் அதே ஃபைலுக்குள் மறைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு உள்ளே இருக்கும் வெப்ப அளவுகள் போய்விடும். மிஞ்சுவது வண்ணப் படம் மட்டும்.

என்ன நஷ்டம் என்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். பளபளப்பான செம்பு பஸ்பாரை (மின்சாரம் கடத்தும் பட்டை) கேமரா 0.95 எமிசிவிட்டியில் (ஒரு பரப்பு வெப்பத்தை எவ்வளவு வெளிவிடும் என்ற எண்) பார்த்தால், உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். பளபளப்பான உலோகத்தின் எமிசிவிட்டி 0.1-க்கும் கீழே இருக்கும். அசல் ஃபைல் கையில் இருந்தால் ஆபீஸில் உட்கார்ந்து எமிசிவிட்டியை மாற்றிப் பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் கருப்பு இன்சுலேஷன் டேப் மேலோ, கேபிள் மேலோ கர்சரை வைத்து, நம்பக்கூடிய அளவையும் படிக்கலாம். வாட்ஸ்அப் படத்தில் இந்த எதையும் செய்ய முடியாது. அவசரத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், ஃபைல் மாறாமல் போய்ச் சேரும். கேமராவில் அழிப்பதை ஆபீஸ் கணினியில் திறந்து பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தோடு லோடு கரண்டையும் எழுதுங்கள். ஜாயின்ட்டில் உண்டாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி லோடில் கால்வாசிதான் உண்டாகும். ஞாயிற்றுக்கிழமை எடுத்த குளிர்ந்த படத்தைக் காட்டி ஜாயின்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது.

புதிதாக வாங்கிய 64 ஜிபி பென் டிரைவைக் கருவி ஏற்றுக்கொள்ளவில்லை.
— வாசகர், சேலம்

பழைய கருவிகள் பலவும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததை மட்டுமே படிக்கும். பெரிய பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்ததாக ஒன்று வாங்கி ஃபேட்32 ஆக்குங்கள், தீர்ந்தது. அதைக் கருவிக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள். ஆபீஸ் பாட்டுப் படங்களுக்கும் அதே டிரைவ் வேண்டாம். வைரஸ் அந்த வழியாகத்தான் வரும்.

ரீடிங் எல்லாவற்றையும் ஆபீஸ் கணினியில் ஏற்றிவிட்டோம். அதோடு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கும் எப்போதும் மாட்டியிருக்கிறது. இதற்கு மேலும் வேண்டுமா?
— டெஸ்டிங் நிறுவனம் நடத்துபவர், ஈக்காட்டுத்தாங்கல்

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது. அடையாறு கரை மீறி வந்தபோது அந்தப் பகுதியில் தரைத்தளத்தில் என்னவெல்லாம் மூழ்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணினியும் அதன் பக்கத்திலேயே இருக்கும் ஹார்ட் டிஸ்கும் ஒரே தண்ணீரில் போகும். திருடு போனாலும் சேர்ந்துதான் போகும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால், மாட்டியே இருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 என்ற விதி எல்லாத் துறையிலும் நிலைத்துவிட்டது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு இப்படிச் செய்யலாம்: கணினியில் ஒன்று. ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வாரத்துக்கு ஒரு முறை மாட்டி நகலெடுத்த உடனே கழற்றி மேல் மாடியில் பீரோவில் வையுங்கள். மூன்றாவது கிளவுடில். வாடிக்கையாளர் ரெக்கார்டைக் கிளவுடில் ஏற்றக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் இன்னொரு டிஸ்க் வாங்கி, வேறு பேட்டையில் இருக்கும் பங்குதாரர் வீட்டில் வையுங்கள். பென் டிரைவை மட்டும் வருஷக்கணக்கில் வைக்கும் பெட்டகமாக நினைக்காதீர்கள். அதில் தகவல் நிற்பது மின்னூட்டமாக. அது மெல்லக் கசியும், சூட்டில் வேகமாகக் கசியும். நம் ஊர் கார் டேஷ்போர்டில் போட்டு வைத்தால் கேட்கவே வேண்டாம்.

நகல் இருக்கிறது என்பதோடு நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. மாதம் ஒரு முறை, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரின் பெயரைச் சொல்லி, அதன் ரீடிங்கை பீரோவில் இருக்கும் டிஸ்கிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கணினியிலிருந்து வேண்டாம், டிஸ்கிலிருந்து. திறக்கிறதா, எண்கள் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்? சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?
— பள்ளி நிர்வாகி, தஞ்சாவூர்

எர்த் டெஸ்டுக்குப் பழைய விதி ஒன்று இருந்தது. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 61-ஆவது விதி, மின்சாரம் வழங்குபவரை, எர்த் சோதனையின் முடிவைச் சோதித்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்கவும், இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்டவும் சொன்னது. வறண்ட பருவத்தில், வறண்ட நாளில் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐப்பசி மழையில் எடுத்த எர்த் ரீடிங் நல்லதாகத்தான் தெரியும். சித்திரையில் மண் காய்ந்தபோது அந்த எர்த் குழி என்ன காட்டுகிறது என்பதே கேள்வி. அதனால் ரெக்கார்டில் தேதியோடு மண் ஈரமா காய்ந்ததா என்று ஒரு சொல் சேருங்கள்.

2 வருஷம் என்பது அந்த விதி கேட்ட குறைந்த அளவு. என் அபிப்பிராயம் வேறு. கருவியோ மோட்டாரோ ட்ரான்ஸ்ஃபார்மரோ உயிரோடு இருக்கும் வரை அதன் ரெக்கார்டும் இருக்க வேண்டும். முக்கியமாக, புதிதாக நிறுவியபோது எடுத்த முதல் ரீடிங். 20 வருஷம் கழித்து டான் டெல்டா (இன்சுலேஷனில் ஏற்படும் மின் இழப்பைக் காட்டும் அளவு) ஏறியிருக்கிறதா என்று கேட்டால், எதிலிருந்து ஏறியது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

அவ்வளவு நாள் வைக்க நினைப்பவர்கள் ஃபைலின் வகையையும் யோசிக்க வேண்டும். கருவிக் கம்பெனியின் சொந்த ஃபார்மேட் அவர்கள் மென்பொருளில் மட்டுமே திறக்கும், அந்த மென்பொருள் பழைய லேப்டாப்பில் மட்டுமே ஓடும், லேப்டாப் ஒரு நாள் உயிர்விடும். இறக்கும் அன்றே மூன்றாக வையுங்கள்: சொந்த ஃபார்மேட்டில் மூலம், சிஎஸ்வியில் எண்கள், பிடிஎஃப்பில் அறிக்கை. கையெழுத்துப் போட்ட காகிதமும் ஃபைலில் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய இன்சுலேஷன் டெஸ்டரை விற்கிறோம். ஏதாவது செய்ய வேண்டுமா?
— வாசகி, புதுச்சேரி

ரீடிங்குகளை இறக்கி, அவை திறக்கின்றன என்று பார்த்த பிறகு மெமரியைத் துடையுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் அவர்கள் மோட்டார்களின் நிலையும் வாங்குபவருக்குப் போக வேண்டியதில்லை. ஆபரேட்டர் பட்டியல், வைஃபை பாஸ்வேர்டு இருந்தால் அவற்றையும் அழியுங்கள். உள்ளே செருகிய மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி மூடிக்குப் பின்னால் இருப்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். காலிப்ரேஷன் சான்றிதழ்களுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் கருவியோடு கொடுங்கள். அந்தக் கருவியில் எடுத்த ரீடிங்குகள் உங்களிடம் இருக்கும்வரை அந்த நகல் உங்களுக்கும் தேவைப்படும்.